பதினேழு இலக்குகளில் ஒன்றை உங்கள் ஊர்க் குழாயடிக்குக் கொண்டுவருவது எப்படி?

நிலையான வளர்ச்சி இலக்குகளுக்குச் சாதாரண ஜனங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள், ஒரு மரக்கன்று நடுங்கள். தப்பொன்றும் இல்லை. ஆனால் எங்கள் தெருக் கடைசியில் போய்க் குழாயை மூடச் சொன்னால் சிரிப்பார்கள். திறந்தாலே வராத குழாயை என்னத்தை மூடுவது?

இந்த வழிகாட்டி வேறு வழியில் போகிறது. பதினேழில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை உங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அது நடக்கும்வரை விடாமல் பின்தொடர்வது எப்படி என்று சொல்கிறேன். நான் எடுத்தது ஆறாவது இலக்கு, குடிநீர். உங்கள் ஊருக்கு அது அங்கன்வாடியாக இருக்கலாம், குப்பையாக இருக்கலாம். வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

2015 செப்டம்பர் 25 அன்று நியூயார்க்கில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட பட்டியல் இது. 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 குறியிலக்குகள், முடிக்க வேண்டிய ஆண்டு 2030. இதற்கு முன் 2000 முதல் 2015 வரை எட்டு புத்தாயிரம் ஆண்டு இலக்குகள் இருந்தன. அவை ஏழை நாடுகளுக்கான வீட்டுப்பாடம் மாதிரி இருந்தன. புதியவை பணக்கார நாடுகளையும் சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன. கட்டுப்படுத்துகின்றன என்றால் சட்டப்படி அல்ல. எட்டாவிட்டால் அபராதம் இல்லை, வழக்கும் இல்லை. நாடுகள் தாமாக முன்வந்து ஐ.நா.வில் அறிக்கை வைக்கும், அவ்வளவுதான். இந்தியா 2017-லும் 2020-லும் 2025-லும் வைத்தது.

தமிழில் இதற்கு 'நிலையான வளர்ச்சி' என்றும் 'நீடித்த வளர்ச்சி' என்றும் அரசுக் காகிதங்களில் பார்க்கலாம். 'வளங்குன்றா வளர்ச்சி' என்றும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். கிணற்றில் தண்ணீர் குன்றாமல் இறைப்பது என்று விவசாயிக்கு ஒரே வார்த்தையில் புரியும்.

மதிப்பெண் எப்படி? 2024-இல் ஐ.நா. வெளியிட்ட அறிக்கையின்படி, மதிப்பிட முடிந்த குறியிலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருந்தன. இந்தியாவுக்குள் நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மார்க் போட்டு வருகிறது. 2023-24 பட்டியலில் நாட்டுக்கு 71, தமிழ்நாட்டுக்கு 78. முதலிடம் பிடித்த கேரளத்துக்கும் உத்தரகண்டுக்கும் 79. எழுபத்தெட்டு என்றால் முதல் வகுப்பு. ஆனால் மாநில சராசரிக்கு எங்கள் தெருவின் கடைசி வீடு தெரியாது.

அந்தக் கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 17 இலக்குகளையும் ஊராட்சிக்கு ஏற்றபடி ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கி, ஒவ்வொரு ஊராட்சிக்கும் மதிப்பெண் போடுகிறது. 2022-23க்கான முதல் பட்டியல் 2025 ஏப்ரலில் வந்தது. 2,16,285 ஊராட்சிகளில் 90-க்கு மேல் எடுத்தது ஒன்றுகூட இல்லை. 75-ஐத் தாண்டியவை 699. பாதிக்கு மேற்பட்டவை 40-க்கும் 60-க்கும் இடையில் நின்றன. உங்கள் ஊராட்சியின் எண் என்ன என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் என்ன, கேளுங்கள்.

படி 1: இலக்கை விடுங்கள், குறியீட்டைப் படியுங்கள்

'அனைவருக்கும் தூய நீரும் சுகாதாரமும்' என்பது ஆறாவது இலக்கு. இதைக் கையில் பிடித்துக்கொண்டு கிராம சபைக்குப் போனால் எல்லாரும் கைதட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. கீழே இறங்கிப் பாருங்கள். குறியிலக்கு 6.1 குடிநீர் பற்றியது. அதற்கு ஒரு அளவுகோல், அதாவது குறியீடு, வைத்திருக்கிறார்கள்: பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர். அதற்கு மூன்று கேள்விகள். தண்ணீர் வீட்டு வளாகத்துக்குள் வருகிறதா? தேவைப்படும் நேரத்தில் கிடைக்கிறதா? மலக்கிருமியும் ஃப்ளூரைடு, ஆர்சனிக் போன்ற ரசாயனங்களும் இல்லாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் கணக்கில் சேரும்.

எங்கள் தெருவில் முதல் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஆம். ஜல் ஜீவன் திட்டத்தில் நீலக் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் நூற்றுக்கு நூறு. இரண்டாவதும் மூன்றாவதும்தான் பிரச்சினை. குறியீட்டைப் படித்த பிறகுதான் எனக்கே இது பிரிந்து தெரிந்தது. அதுவரை 'தண்ணிப் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். குறியிலக்கு 6.பி, குடிநீர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்தச் சொல்கிறது. 'இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?' என்று யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட அது உதவும்.

படி 2: குடத்தால் அளந்து பாருங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மொத்த வேலையும் இதன்மேல்தான் நிற்கிறது.

தேவையானவை: ஒரு பிளாஸ்டிக் குடம், செல்போனில் ஸ்டாப்வாட்ச், நாற்பது பக்க நோட்டு. சாதாரணக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு குழாய் லைனிலும் டேங்குக்குப் பக்கத்து வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் விடும் நேரத்தில் போய் நின்று, குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது, மொத்தம் எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று எழுதுங்கள். ஒருநாள் போதாது. கரண்ட் போன நாளும் மோட்டார் கெட்ட நாளும் சேரும்படி ஒரு வாரமாவது எழுதுங்கள்.

இப்போது கணக்கு. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு குடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 19 குடம். எங்கள் லைனில் முதல் வீட்டில் ஒன்றரை நிமிடத்தில் குடம் நிறைந்தது. அரை மணி நேரத்தில் அவர்கள் வேலை முடிந்துவிடும். கடைசி வீட்டில் ஒரு குடத்துக்கு ஆறு நிமிடம். தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். பத்துக் குடம், 150 லிட்டர், ஆளுக்கு 30. ஒரே டேங்க், ஒரே குழாய், ஒரே தெரு.

கடைசி வீட்டு அக்காவிடம் இந்த எண்ணைச் சொன்னபோது, "அதான் நான் விடியக்காலைல எந்திரிச்சி அடிபம்புக்குப் போறேன், உனக்கு இப்பதான் தெரியுதா?" என்றார். நியாயமான கேள்வி. யார் போய் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் ஒன்று விடாமல் பெண்கள் பெயராகவே இருக்கும். ஐந்தாவது இலக்கு, பாலின சமத்துவம், அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அளக்கும்போது யார் வீட்டில் குழாயோடு மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பெயரை எழுதாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். பெயர் எழுதினால் அன்றோடு உங்கள் வேலை முடிந்தது, சண்டை ஆரம்பித்தது.

படி 3: தண்ணீரைச் சோதியுங்கள்

ஊராட்சியில் ஒரு பெட்டி இருக்க வேண்டும். களச் சோதனைக் கருவி என்று பெயர். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்ட விதி. பெரும்பாலும் மகளிர் குழுவைச் சேர்ந்த யாராவது பயிற்சி எடுத்திருப்பார்கள். பெட்டிதான் அலுவலக பீரோவில் பூட்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது குளோரின். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது அளவு. நிறமே வரவில்லை என்றால் டேங்கில் பிளீச்சிங் போடவில்லை, அல்லது போட்டது வழியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்து, கிருமிச் சோதனைக்கு ஒரு சின்ன பாட்டில். அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்துப் பாருங்கள். கறுப்பாக மாறினால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு என்று பொருள். அந்தக் கறுத்த பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட அது கிராம சபையில் பேசும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் ஃப்ளூரைடை விட்டுவிடவே கூடாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் தாண்டியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இதை நான் பத்து வீட்டிலாவது சொல்லியிருப்பேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்ததே இந்த ஃப்ளூரைடுக்காகத்தான். 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் காவிரித் தண்ணீரோடு உள்ளூர் போர் தண்ணீரையும் கலந்து விடும் ஊர்களில் எது எவ்வளவு என்று சோதித்தால்தான் தெரியும்.

பெட்டிச் சோதனை சந்தேகத்தைச் சொல்லும், அவ்வளவுதான். உறுதிக்கு மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். ரசாயனச் சோதனைக்கு நன்றாகக் கழுவிய கேன் போதும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுபோய் நான் ஒருமுறை திரும்பி வந்தேன்.

படி 4: தண்ணி விடுறவரை முதலில் பாருங்கள்

பலரும் நேரே தலைவரிடம் போவார்கள், அல்லது கலெக்டருக்கு மனு எழுதுவார்கள். நான் சொல்வது, முதலில் டேங்க் ஆபரேட்டர். வால்வு எங்கே இருக்கிறது, எது துருப்பிடித்து இறுகிவிட்டது, எந்தத் தெருவுக்கு எதற்காக அதிக நேரம் விடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

"ஏண்ணா, எங்க லைனுக்கு மட்டும் தண்ணி ஏற மாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"அந்த கேட் வால்வு திரும்பல தம்பி. ரெண்டு வருசமாச்சி. சொல்லிட்டுதான் இருக்கேன். நீங்க எழுதிக் குடுத்தா கேப்பாங்க, நான் சொன்னா கேப்பாங்களா?"

ஒரு வால்வு. மோட்டார் மாற்ற வேண்டும், புது போர் போட வேண்டும் என்று அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

பிளீச்சிங் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து பேசலாம், குற்றம் சாட்டும் குரலில் அல்ல. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். மூட்டையை வாய் திறந்து மாதக்கணக்கில் வைத்தால் பவுடரில் வீரியம் போய்விடும், அளவு சரியாகப் போட்டாலும் குழாயில் மஞ்சள் வராது. டேங்கை மாதம் இருமுறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவ வேண்டும். கழுவிய தேதியை டேங்கின் காலில் எழுத வேண்டும். அந்தத் தேதியையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பணம் எங்கே இருக்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 'நிதி இல்லை' என்ற பதிலுக்குத் தயாராகப் போங்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டி வைத்திருந்தார்கள். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. உங்கள் ஊராட்சி என்ன திட்டம் போட்டது, எவ்வளவு செலவழித்தது என்பது இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. இந்த ஆண்டுக்கான பதிவைப் பார்த்துவிட்டுப் போங்கள். வால்வு மாற்றுவது பெரிய செலவே இல்லை என்பது அங்கே உள்ள மற்ற தொகைகளைப் பார்த்தால் புரியும்.

படி 6: கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குடிநீர் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆனால் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வேலையைச் சேர்க்க வேண்டுமென்றால் அக்டோபர் 2-ஐத் தவறவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான திட்டம் தீட்டும் இயக்கம் வழக்கமாக அன்றுதான் தொடங்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குறைந்தபட்ச வருகை கணக்கு முக்கியம். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேரவில்லை என்றால் கூட்டமே செல்லாது. அதனால் முந்தின வாரம் வீடு வீடாகச் சொல்லி வையுங்கள். பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்தால், நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். குடம் தூக்குகிறவர்கள் வராத கூட்டத்தில் குடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

என் முதல் கிராம சபையில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கால் மணி நேரம் நன்றாகத்தான் பேசினேன். ஐ.நா., 2030, எல்லாம் சொன்னேன். வந்தவுடனே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், பேசி முடித்ததும் கலைந்துவிட்டோம். சில வாரம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரே வரி: 'குடிநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது.' விவாதித்தோம், உண்மைதான்.

அடுத்த முறை வாசகத்தை நானே எழுதிக்கொண்டு போனேன்:

'… தெருவில் உள்ள கடைசி எட்டு வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 30 லிட்டரே கிடைப்பதால் (அளவீட்டுப் பட்டியல் இணைப்பு), பிள்ளையார் கோயில் அருகே உள்ள பழுதான கேட் வால்வை மாற்றவும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியையும் கடைசி வீட்டுக் குழாயின் குளோரின் அளவையும் வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதவும், இப்பணிகளை 60 நாட்களுக்குள் முடித்து அடுத்த கிராம சபையில் அறிக்கை வைக்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

எந்த இடம், என்ன வேலை, எத்தனை நாள், யாருக்குப் பதில் சொல்வது என எல்லாம் அதில் இருக்கிறது. 'கேட்டுக்கொள்ளப்பட்டது', 'ஆவன செய்யப்படும்' போன்ற சொற்கள் நுழைந்தால் உடனே எழுந்து நிறுத்துங்கள். ஐ.நா. என்ற சொல்லே அதில் இல்லை, கவனித்தீர்களா? தேவைப்படவில்லை.

தீர்மானம் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் படிவம் 30, அதாவது வரவு செலவுச் சுருக்கம், வாசிக்கப்படும். காதைத் தீட்டி வையுங்கள். குடிநீர்ச் செலவு என்று எவ்வளவு சொல்கிறார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: அறுபது நாள்

தீர்மானப் பக்கத்தை அங்கேயே செல்போனில் படம் எடுங்கள். விடவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். முப்பதாவது நாள் செயலரிடம் ஒருமுறை நினைவூட்டுங்கள், நாற்பத்தைந்தாவது நாள் பிடிஓ அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. ஆனால் தீர்மான நகலும் அளவீட்டு நோட்டும் கையில் இல்லாமல் அங்கே போனால் உங்கள் மனு சுற்றிச் சுற்றி அதே செயலரின் மேசைக்கே வந்து 'ஆய்வு செய்யப்பட்டது' என்று மூடப்படும்.

வேலை முடிந்ததும் அதே குடத்தோடு அதே வீட்டுக்குப் போய் மறுபடி அளந்து பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. எங்கள் கடைசி வீட்டில் ஆறு நிமிடம் மூன்றாகக் குறைந்தது. 20 குடம், 300 லிட்டர், 55-ஐத் தாண்டிவிட்டது. குளோரின் பலகை ஆறு வாரம் எழுதினார்கள், பிறகு நின்றுவிட்டது. அது அடுத்த தீர்மானத்துக்கு.

நகரத்தில் இருப்பவர்களுக்கும், வேறு இலக்கு எடுப்பவர்களுக்கும்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் பகுதி சபை இருக்கிறது. நாட்கள்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கிராம சபை அளவுக்குப் பழக்கமாகவில்லை. பல தெருக்களில் அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. உங்கள் கவுன்சிலரிடம் இடமும் நேரமும் கேட்டு வாங்குங்கள்.

பசி ஒழிப்பை எடுத்தால் அங்கன்வாடியின் எடைப் பதிவேடு உங்கள் குடம். கல்வி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய் உட்காருங்கள். எரிசக்தி என்றால் கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். 2006-இலேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஏழாவது இலக்கு எழுதப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால்.

எங்கள் நோட்டில் இன்னும் இருபது பக்கம் காலி. கடைசி வீட்டு அக்கா, வாரத்துக்கு எத்தனை நாள் தெருவிளக்கு எரிகிறது என்று காலண்டரில் புள்ளி வைக்க ஆரம்பித்திருக்கிறார்.